உதைப்பெட்டி

பூட்டக்காவின் இடது புருவத்தை ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரர் வந்த வழி" என்பாள். கேட்டவர்கள் அவர்தான் அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷரை முறைப்பார்கள். அவரோ எறும்பு வரிசையைக் கண்டால் ஓரமாய் நின்று வழிவிடுகிற ரகம். அக்கா விளக்கமும் சொல்ல மாட்டாள். அவர் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் அவள் பேருந்து நிலையத்தின் பின்வாசலில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு மேசை விளக்கு. உடைந்த திரையை மாற்றுவாள், பூட்டு மறந்துபோனவர்களுக்குத் திறந்து கொடுப்பாள். பூட்டக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒரு மதியம், தோள் அகன்ற ஒருவன் ஃபோனைக் கண்ணாடிமேல் வைத்து, "பேட்டர்ன் மறந்துட்டேன், தொறந்து குடு" என்றான். திரை நொறுங்கியிருந்தது. விரிசல்களில் இருந்தது சாயம் என்று முதலில் நினைத்திருக்கிறாள். பஞ்சால் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள்.

"டேய், எங்கடா இருக்க? சாப்பிட்டியா?"

"அம்மா, உங்க பையன் ஃபோன் என் கடையில இருக்கு. பஸ் ஸ்டாண்டு பின்வாசல். இதுல ரத்தம் இருக்கும்மா. பையன உடனே தேடுங்க."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவன் அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் மோதினான். கண்ணாடி உடைந்தது. மறுபடி தூக்கி மறுபடி மோதினான். கூட்டம் சேர்ந்ததும் ஓடினான். ஃபோன் மட்டும் அவன் கைக்குப் போகவில்லை. அவள் அதை வயிற்றுக்கடியில் போட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். முகத்தில் தையல் போட்ட நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வெளியே எடுத்தாராம்.

ஃபோனின் சொந்தக்காரர் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். நடைபாதைக் கடைகளை ஆள் வைத்து இடித்ததைப் படம் எடுத்ததற்காக, கேமராவையும் விலா எலும்புகளையும் உடைத்து ஒரு கிடங்குச் சுவருக்குப் பின்னால் வீசியிருந்தார்கள். அந்த அம்மா ஊரைக் கூட்டித் தேடியிராவிட்டால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். நடக்க முடிந்ததும் நன்றி சொல்லி ஃபோனை வாங்கிப் போக வந்தார். கட்டுப் போட்ட புருவத்தோடு அக்கா கேட்ட முதல் கேள்வி, "இது உங்களோடதுன்னு நான் எப்படி நம்புறது? தொறந்து காட்டுங்க." மாவுக்கட்டு விரலால் அவர் கோடு போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. அக்கா ஃபோனை மறுபடி உள்ளே வைத்துவிட்டாள். மனுஷர் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவள் ஃபோனைக் கொடுத்தாள். பிறகு கழுத்தையும் நீட்டினாள். மாமியார் ஜாமீனில் மாப்பிள்ளையைப் பிடித்தவள் என்று நான் இன்றைக்கும் அவளைக் கேலி செய்கிறேன்.

நான் அதே பத்திரிகையில் நிருபர். அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியதால் புகைப்படக்காரர் எனக்கு மாமா ஆகிவிட்டார். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம், தோளில் எப்போதும் ஒரு சிவப்புப் பை. ரயிலை நிறுத்தக் கொடி தேவையில்லை, என்னைத் தண்டவாளத்தில் நிறுத்தினால் போதும் என்பது ஆசிரியரின் நகைச்சுவை. அதை வாரம் தவறாமல் சொல்வார். நாங்களும் சிரித்து வைப்போம், சம்பளம் கொடுக்கிறவர் ஆயிற்றே.

அக்கா வந்த பிறகு அலுவலகம் தலைகீழாக மாறியது. அதுவரை எங்கள் ரகசியமெல்லாம் ஆசிரியரின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, பல்குத்தும் குச்சிகளோடு. அக்கா இரண்டு பெட்டிகள் செய்தாள். மரத்திலோ இரும்பிலோ அல்ல, கணினியில்.

ஒன்று உள்பெட்டி. எங்களுக்கு மறைவாக வந்து சேரும் காகிதங்களையெல்லாம் யாராலும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றி, கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் கணினிகளில் துண்டு துண்டாய்ப் போட்டு வைப்பாள். அதைத் திறக்க ஐந்து பேரிடம் தனித்தனியாக ரகசியச் சொல் இருக்கிறது. மூன்று பேருடைய சொல்லாவது சேர்ந்தால்தான் திறக்கும். ஆசிரியர், மாமா, நான் மூவரும் உள்ளூர். மற்ற இருவரும் வேறு நாட்டில். உள்ளூர் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால் மாமா பாதி நாள் தெருவிலேயே வெயிலில் காய்ந்தார். பூட்டைச் செய்த அக்காவிடம் ஒரு சொல்கூடக் கிடையாது. அவளை வெட்டிப் போட்டாலும் உள்பெட்டி திறக்காது.

"அப்ப நாம எல்லாரும் பத்திரம்" என்றார் ஆசிரியர்.

"காகிதம் பத்திரம் சார். நாம இல்ல. அடிக்கிறவனுக்கு இதெல்லாம் புரியுமா? தெரியாதுன்னு நிஜத்தச் சொன்னா இன்னும்தான் அடிப்பான். குடுக்கறதுக்கு ஏதாவது இருந்தாதான் அடி நிக்கும்."

கண்ணாடியில் முகம் மோதப்பட்டவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அப்படிப் பிறந்ததுதான் இரண்டாவது பெட்டி. உள்ளங்கை அளவு டிஸ்க், அக்காவின் மேசைக் கணினியில் கம்பி போட்டு மாட்டியிருக்கும். உதை விழும்போது கொடுப்பதற்கென்றே இருந்ததால் அதற்கு உதைப்பெட்டி என்று பெயர் வைத்தோம். அதன் ரகசிய வாசகம் எல்லோருக்கும் தெரியும்: நேற்று வாங்கிய செருப்பு கடிக்கிறது. உள்ளே இருப்பது பார்த்தால் ரகசியம் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ஊர்ச் சுவரில் ஒட்டினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. பழைய மனுக்கள், மொட்டைக் கடிதங்கள், வெளியிடாமல் விட்ட படங்கள். தினமும் புதிதாக ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தேதியைப் பார்த்தே இது ஏமாற்று என்று கண்டுபிடித்துவிடுவார்கள். "அதுக்கு இன்னிக்கு தீனி போட்டாச்சா?" என்று காலையில் வந்ததும் கேட்பாள்.

ஒத்திகை வேறு உண்டு. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, என்னை ரவுடியாக்கி மிரட்டச் சொல்வாள். எனக்கு அந்த வேடம் ரொம்பப் பொருத்தம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அடித்ததும் கக்கிவிடக்கூடாது, கக்கினால் சந்தேகப்படுவான். ஒரு பல்லாவது போகிறவரைக்கும் பொறுக்க வேண்டும், அப்புறம் அழுதுகொண்டே சொல்லிவிடலாம், உயிரை விடக்கூடாது. இதுதான் பாடம். ஆசிரியர் நான் மேசையைத் தட்டியதுமே "செருப்பு கடிக்குது" என்று அலறினார்.

"சார், நான் இன்னும் கிட்டயே வரல."

"உன் மூஞ்சியப் பாத்தாலே போதும்மா."

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், எங்கள் ஊர் ஆலையில் கொதிகலன் வெடிக்கும்வரை.

அதில் செத்தவர்களின் உடம்பை முழுசாகக் கொடுக்கக்கூட முடியவில்லை. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், உற்பத்தி குறையக்கூடாதென்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பரிசோதனை அறிக்கையில் கையெழுத்தும் இருந்தது. கம்பி கட்டிய வால்வின் படத்தையும் அந்த அறிக்கைகளையும் எனக்குக் கொடுத்தவர் கொதிகலன் அறை மேஸ்திரி. வெடித்த அன்று அவருக்கு வார விடுமுறை. "அன்னிக்கு நான் இருந்திருக்கணும்மா" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். அவர் கொடுத்த எல்லாவற்றையும் அக்கா உள்பெட்டியில் போட்டுவிட்டாள். சாட்சிகளைச் சரிபார்த்து வெளியிடக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

அதற்குள் காகிதம் வெளியே போனது ஆலைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்தது யார் என்று தேடினார்கள். ஒரு ஃபிட்டர் மேல் சந்தேகம் வந்தது. அந்தப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை, அவன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கழிவுநீர்க் கால்வாயில் மிதந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன, பத்து நகங்களும் இல்லை. சவக்கிடங்கில் அதைப் பார்த்துவிட்டு வந்து நான் வாந்தி எடுத்தேன். தப்பான ஆளுக்கே இந்தக் கதி என்றால் மேஸ்திரி அகப்பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரோ பயத்தை முகத்தில் காட்டாமல் தினமும் அதே கூட்டத்தோடு உள்ளே போய் அதே கூட்டத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். வேலைக்கு வராமல் நின்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று முற்பகல். மாமா வெளியே போயிருந்தார். ஆசிரியர் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா உதைப்பெட்டியைத் திறந்து, முந்தின நாள் மாமா போட்ட தீனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் வேண்டாம் என்று தள்ளும் படங்களையெல்லாம் மாமா அதில்தான் கொண்டுபோய்ப் போடுவார். நல்ல படம் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது அவருக்குத் தாங்காது. போலீஸ்காரனோ ரவுடியோ, யாராவது ஒருத்தன் பார்க்கட்டுமே என்பார்.

"ஏய், இங்க வா" என்று அக்கா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

ஆலை வாசல். வேலை முடிந்து வெளியே வரும் கூட்டம், சாய்வெயில், தூசி. அருமையான படம்தான். அக்கா ஒரு மூலையைப் பெரிதாக்கினாள். சைக்கிள் நிறுத்துமிடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் முதுகு, தோளில் சிவப்புப் பை. அவளுக்கு முன்னால், எதையோ கையில் கொடுத்துக்கொண்டு, வெளிச்சம் முகத்தில் நேராக விழ, மேஸ்திரி.

அந்த முதுகு என்னுடையது. மாமா பார்த்தது வெளிச்சத்தை. மூலையில் யார் நிற்கிறார்கள் என்று அவர் கவனிக்கவேயில்லை.

அந்த நேரம் கீழே ஷட்டரை யாரோ இழுத்து மூடும் சத்தம் கேட்டது. உள்பக்கமிருந்து. படிகளில் பல கால்கள்.

அழிப்பது, மூடுவது, இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. அக்காவின் வாழ்நாள் பழக்கம் பூட்டுவது. கை தானாகப் போய் பெட்டியைப் பூட்டிவிட்டது. பூட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் சாவி தெரிந்த பெட்டியை அல்லவா பூட்டி வைத்திருக்கிறாள்!

நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் தடியர்கள். நான்காவது ஆள் மடிப்புக் கலையாத சட்டை போட்டு, படிய வாரி, பள்ளி ஆய்வாளர் மாதிரி இருந்தான். அவன்தான் தலைவன். கதவைத் தாளிட்டுவிட்டு, "வணக்கங்க" என்றான். "கொதிகலன் விஷயம் யாரு குடுத்தாங்க? பேரச் சொன்னீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்."

ஆசிரியர் எழுந்து நின்று, "மொதல்ல வெளிய போங்க" என்றார். அவர் வயிற்றில் விழுந்த முதல் உதையில் மூக்குக்கண்ணாடி என் மேசைவரை பறந்து வந்தது. நான் கையில் கிடைத்த குவளையை அடித்தவன் மண்டையில் எறிந்தேன். பட்டது, அதில் எனக்கு இன்றும் திருப்திதான். உடனே ஒருவன் என் கையைப் பின்னால் முறுக்கி முகத்தைச் சுவரோடு அழுத்தினான். தோள் கழன்ற சத்தம் எனக்கே கேட்டது.

ஆசிரியரை நாற்காலியில் உட்கார வைத்து அடித்தார்கள். ஒத்திகையில் மேசைச் சத்தத்துக்கே அலறிய மனுஷர், அன்று ஒரு சத்தம் போடவில்லை. உதடு கிழிந்தது, ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்தது. கடைசியில் ஒரு பல் தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். பாடப்படி பல் போய்விட்டது, சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

அக்கா லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

அவருக்கு ஏன் என்று தெரியாது. இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பொறுத்தார். அந்த மனுஷரை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

சட்டைக்காரன் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டான். "ஓ, மேடம்தான் எல்லாமா?" என்று அவள் பக்கம் திரும்பினான்.

"ஆமா. இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாம் என்கிட்டதான் இருக்கு."

முழுப் பொய். உள்பெட்டியைத் திறக்க அந்த அறையில் ஒரு சொல்கூட இல்லாதவள் அவள்தான். அடியைத் தன் பக்கம் திருப்புவதற்காகச் சொன்னாள். திரும்பியது. முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு, விலாவிலும் முதுகிலும் காலால் மிதித்தார்கள். பழைய புருவத் தழும்பு பிளந்து முகமெல்லாம் ரத்தமாகியது. நான் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட என் கையை இன்னும் மேலே முறுக்கினான்.

தன்னை அடித்தபோது பொறுத்த ஆசிரியருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "விட்டுடுங்கடா! சொல்றேன்! நேத்து வாங்கின செருப்பு கடிக்குது!" என்று கத்தினார்.

சட்டைக்காரன் நடந்து போய் அவரை ஓங்கி அறைந்தான். "கிண்டலா பண்றீங்க?"

"கிண்டல் இல்ல... அதான் பாஸ்வேர்டு... நேற்று வாங்கிய..." ரத்தம் குழம்பிய வாயால் மறுபடி சொன்னார். சுவரில் கன்னம் நசுங்கிக் கிடந்த எனக்கு, அந்த நிலையிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து அழுகையாக மாறியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மேசைக் கணினி முன்னால் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினான். முதல் தடவை திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது. மனுக்களைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். கடிதங்களைப் பார்த்தான். பிறகு படங்களுக்குப் போனான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். நீர்க்குழாய் வரிசை. இடிந்த சுவர். மழையில் குடைகள். ஆலையின் புகைக்கூண்டு தெரிகிற ஒரு படம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அவள் செத்த பிணம் மாதிரி கிடந்ததால் அவளை மிதித்தவன் ஒதுங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூலையில் மாமாவின் பழைய முக்காலி சாத்தியிருந்தது, கேமரா நிறுத்துகிற கனத்த இரும்புக் கால்கள். அவள் எப்படி எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. முக்காலியைத் தூக்கிச் சட்டைக்காரனின் தோளில் இறக்கினாள். அவன் நாற்காலியோடு சரிந்தான். டிஸ்க்கைக் கம்பியோடு பிடுங்கித் தரையில் போட்டு இரும்புக் காலால் குத்தினாள். ஓடு பிளந்தது. மறுபடி குத்தினாள். பின்னாலிருந்து அவள் முதுகில் உதைத்தார்கள், கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். முக்காலியைப் பிடுங்கியதும் இரண்டு கைகளாலும் அந்தத் துண்டுகளை அள்ளி அதன்மேல் குப்புறப் படுத்தாள், உள்ளே இருந்த வட்டத் தகட்டை வளைத்துக்கொண்டே. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் மனுஷர்களிடம் அதுவரை கேட்டதில்லை.

அவளைப் புரட்டிப் போட்டார்கள். விரல்களைப் பிரித்தபோது தகடு நசுங்கிக் கீறல் விழுந்து ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. சட்டைக்காரனின் மடிப்பு கலைந்திருந்தது. முக்காலியை வாங்கினான். ஒருவன் அவள் மணிக்கட்டுகளைத் தரையோடு மிதித்துக்கொள்ள, இரும்புக் காலால் அவள் விரல்களை அடித்தான். முதலில் வலது கை, பிறகு இடது கை. அவசரப்படவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட ஒரு கை போதவில்லை.

"பேரச் சொல்லுங்க மேடம்."

"அதுலதான்... இருந்துச்சு. எங்களுக்குப் பேரே... தெரியாது. எல்லாம் போச்சு. எல்லாம் போச்சுடா" என்று அக்கா அழுதாள். வலி நிஜம், அழுகையும் நிஜம், அதனால் பொய்யும் நிஜமாகவே இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையும் அவள் கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு கையும் போகிற அளவுக்கு ஒருத்தி ஒன்றை அழிக்கிறாள் என்றால் அதுதான் அசல் என்று அவன் புத்திக்குப் பட்டிருக்கிறது. ஃபோனை எடுத்து, "சார், வேலை முடிஞ்சுது. அவங்க வெச்சிருந்தது எல்லாம் காலி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான். போகும்போது எங்கள் தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவிவிட்டுத்தான் போனான்.

அந்த வாரமே ஆசிரியர் ஓர் ஊரிலிருந்தும், மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தும், நான் கட்டுப் போட்ட தோளோடு வேறொரு வீட்டிலிருந்தும் எங்கள் மூன்று சொற்களைக் கொடுத்தோம். கடல் தாண்டியிருந்த உள்பெட்டி பதவிசாகத் திறந்தது. செய்தி வெளியானது. ஆலைக்காரரும் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் உள்ளே போனார்கள். ஆலைக்காரரின் தம்பி வெளியேதான் இருக்கிறான். காகிதம் கொடுத்தவன் யார் என்று இன்றைக்கும் ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறான். சட்டைக்காரன் பிடிபடவில்லை. எங்கேயாவது என் கண்ணில் பட்டால், எனக்கு இன்னும் ஒரு தோள் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றி அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவர்கிட்ட சொல்லிடாத." சொன்னால் அவர் கேமராவையே தொட மாட்டாராம். அதுதான் அசல் என்று அவர்களை நம்ப வைக்கத்தான் டிஸ்க்கை உடைத்ததாக மற்றவர்களிடம் சொல்லி வைத்தோம். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மனுஷரைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமாதான் அவளுக்கு எல்லாம். இரண்டு கையும் முழங்கைவரை மாவுக்கட்டு. குளிப்பாட்டுவார், தலை வாரிவிடுவார், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவார். ஒரு மாலை நான் போயிருந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நீ டிஸ்க்க ஒடச்சப்ப நான் எடுத்ததுலயே நல்ல படமும் சேந்து போச்சேன்னு மனசுக்குள்ள அழுதேன். உங்கிட்ட சொல்லல. நல்லவேளை, கேமரா கார்டுல இருந்துச்சு. பெருசா பிரிண்ட் போட்டுட்டேன். உனக்குத்தான். படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இரு."

பிரித்தார். ஆலை வாசல், சாய்வெயில், தூசி. அவ்வளவு பெரிதாக்கியதில் மூலையில் மேஸ்திரியின் மீசை முடிகூடத் தெரிந்தது.

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "எனக்கு வலி மாத்திரை தீந்து போச்சு, வாங்கிட்டு வர்றீங்களா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். வாசல் கதவு சாத்தியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கை இல்ல. நீ செய்."

சட்டத்தைப் பிரித்து, படத்தை நாலாகக் கிழித்து, சமையலறைத் தொட்டியில் போட்டுக் கொளுத்தினேன். முழுவதும் எரிந்து முடிவதற்குள் மாமா வந்துவிட்டார், பணப்பையை மறந்துவிட்டாராம். தொட்டியைப் பார்த்தார். காலிச் சட்டத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ?" அந்த மனுஷர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"நான்தான் எரிக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா.

"ஏன்?"

அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்த சிவப்புப் பையில் கண் நின்றது. அவருக்குப் படம் தேவையில்லை. எடுத்த ஒவ்வொன்றும் மூலை முடுக்கோடு அவர் தலைக்குள் இருக்கும். கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்... அந்த ஓரத்துல நின்னது நீயா? உனக்கு எதிர்ல நின்னவரு..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அக்காவின் மாவுக்கட்டுகளை இரண்டு கையாலும் தொட்டார், எடுத்துவிட்டார், மறுபடி தொட்டார்.

"இத அழிக்கத்தானா?"

"நல்ல படங்க அது" என்றாள் அக்கா. "நெஜமாவே நல்ல படம்."

அவர் எழுந்து போய்க் கேமராவைத் திறந்து, நகம் அளவு கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷம் முழுக்க எடுத்தது எல்லாம் அதில் இருந்தது. வாயில் வைத்துக் கடவாய்ப் பல்லால் கடித்து உடைத்தார். ஒரு துண்டு உதட்டைக் கிழித்தது. துண்டுகளைக் கையில் துப்பித் தொட்டியில் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் போட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஆறிப்போன கஞ்சியைக் கலக்கி, கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனார். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.